ஒன்றரை, இரண்டரை, மூன்றரை: தடுப்பூசித் தேதிகள் வந்த கதை

நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் இரண்டு கணக்குகள் தொடங்கிவிடுகின்றன. ஒன்று ஜாதகம், மற்றொன்று தடுப்பூசி அட்டை. ஜாதகத்துக்கு நாள், நாழிகை, விநாடி வரை பார்க்கிறோம். அட்டையில் எழுதிக் கொடுத்த தேதியை மட்டும், "ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் என்ன குடி முழுகிவிடும்?" என்று தள்ளிப் போடுகிறோம். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்களான தாத்தா பாட்டிகள்தான். ஆடி பிறந்துவிட்டது, மூக்கு ஒழுகுகிறது, குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும், ஊசி போட்டால் இரவெல்லாம் அழும், யார் பார்த்துக்கொள்வது? காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

அந்தத் தேதிகள் யாரோ ஓர் அதிகாரி வசதிக்காகக் குறித்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் ஒரு பகுதி நம் பக்கத்து ஊர்களிலேயே போடப்பட்டது. மதனப்பள்ளி, செங்கல்பட்டு, வேலூர், நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் விருத்தாசலம் ஆகிய ஊர்கள் இந்தக் கதையில் வருகின்றன.

என் தலைமுறை அறிந்த முதல் தடுப்பூசி, அம்மை குத்துதல். பிரெஞ்சு மொழியில் பசுவுக்கு 'வாஷ்' என்று பெயர். லத்தீனில் 'வாக்கா'. பசுவின் அம்மையிலிருந்து வந்ததால்தான் 'வாக்சின்' என்ற சொல்லே உண்டாயிற்று. அந்தக் காலத்தில் குழந்தைக்கென்று தனித் தேதி எங்கே இருந்தது? அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வரும் நாள்தான் தேதி. அவர் தலையைக் கண்டதும் பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அன்று தப்பியவனுக்கு அடுத்த சுற்றில்தான் குத்து. அந்த முறையிலேயே பெரியம்மையை ஒழித்தும் விட்டோம். இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல் பதிவானார். 1977இல் நாடு பெரியம்மையற்றது என்று உறுதி செய்யப்பட்டது. அதே காலத்தில் வேறொரு மாற்றமும் நடந்தது. ஊசிக்காரர் வரும் நாள் என்பது போய், ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் பிறந்த நாளிலிருந்து எண்ணும் தேதி வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 1974இல் விரிவான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா 1978இல் அதை ஏற்றது. பிறகு 1985 நவம்பர் 19ஆம் நாள், இந்திரா காந்தியின் பிறந்த நாளன்று, அவர் நினைவாக அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளில் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. நாம் இன்று கையில் வைத்திருக்கும் அட்டை அதன் வாரிசுதான்.

தேதிகளின் பின்னால் உள்ள அடிப்படைக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, தாய் தன் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைக் கொடுத்து அனுப்புகிறாள். சீதனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சில மாதங்களில் தீர்ந்துவிடும். அது இருக்கும்வரை குழந்தைக்குப் பாதுகாப்பு. ஆனால் சில தடுப்பு மருந்துகளை அதே சீதனம் வேலை செய்ய விடாது. சீக்கிரம் போட்டால் மருந்து வீண். தாமதமாகப் போட்டால் மருந்துக்கு முன்னால் நோய் வந்து நிற்கும். இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவே எந்த நாளைக் குறிப்பது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு நோய்க்கும் விடை வேறு வேறாக வந்தது.

பிறந்தவுடன் இடது கையில் போடும் பி.சி.ஜி.யை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது இன்றைக்கும் 'பே சே ஜே'தான். நடுவில் உள்ள எழுத்தும் கடைசி எழுத்தும் இரண்டு மனிதர்களின் பெயர்கள்: அல்பேர் கால்மெத், கமீய் கெரேன். பிரான்சின் லீல் நகரத்துப் பஸ்தேர் நிலையத்தில், மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியமிழக்கச் செய்தார்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியப் படை அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த ஆண்டுகளிலும் வேலை நிற்கவில்லை. 1921இல் பாரிஸில் முதன்முதலாக ஒரு பச்சிளங்குழந்தைக்கு அதை வாய்வழியாகக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையின் தாய் பிரசவத்துக்குப் பின் காசநோயால் இறந்துபோனாள். வளர்க்க வேண்டிய பாட்டிக்கும் காசநோய். நோய் அந்த வீட்டிலேயே காத்திருந்தது. ஆகவே குழந்தை முதல் மூச்சில் கிருமியை வாங்குவதற்குள் பாதுகாப்பு போய்ச் சேர வேண்டியிருந்தது. 'பிறந்தவுடன்' என்ற தேதிக்கு உள்ள நியாயம் அந்த முதல் குழந்தையின் வீட்டிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் பி.சி.ஜி. 1948இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் தொடங்கியது. அதே ஆண்டு கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடமும் ஏற்பட்டது. அன்றைக்கு அது பச்சிளங்குழந்தைக்கான ஊசியாக இல்லை. பள்ளிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வரிசையில் நிறுத்தி, முதலில் தோலில் ஒரு சோதனை ஊசி போடுவார்கள். மூன்று நாள் கழித்து வந்து தடிப்பைப் பார்ப்பார்கள். தடிப்பு இல்லாதவருக்கே பி.சி.ஜி. மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ருத் கௌர் இதில் மிகுந்த ஆர்வம் காட்டினார். சென்னையில் எதிர்ப்பும் பலமாக இருந்தது. முதலமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்த ராஜாஜி 1955இல் பி.சி.ஜி.யை எதிர்த்து எழுதினார். பயன் உறுதிப்படாத ஒன்றை ஊர் முழுக்கப் போடலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த நாளைய திண்ணைகளில் இது பெரிய சர்ச்சை.

அந்தக் கேள்விக்கு விடை காணத்தான் செங்கல்பட்டு ஆராய்ச்சி நடந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1968இல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சேர்த்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெறும் நீரும் கொடுத்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உலகின் மிகப் பெரிய தடுப்பூசி ஆராய்ச்சிகளில் அது ஒன்று. 1979இல் முடிவு வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை!

அப்படியானால் ராஜாஜி சொன்னதுதான் சரியா? பாதி சரி. பெரியவர்களுக்குப் பயன்படாத அதே மருந்து, பச்சைக் குழந்தையைக் கொன்றுவிடக்கூடிய காசநோய் வகைகளிலிருந்து, குறிப்பாக மூளைச் சவ்வைத் தாக்கும் காசநோயிலிருந்து காக்கிறது என்பது வேறு பல ஆராய்ச்சிகளில் தெரிந்தது. ஆகவே மருந்தைக் கைவிடவில்லை, காலத்தை மாற்றினார்கள். வரிசையில் நின்ற பெரியவர்களை விட்டுவிட்டு, பிரசவ அறையில் இருக்கும் குழந்தைக்குப் போனார்கள். பிறந்த குழந்தைக்குக் கிருமியோடு பழக்கம் இல்லை, ஆகையால் சோதனை ஊசியும் தேவையில்லை. ஒரே மருந்து ஒரு வயதில் வீண், இன்னொரு வயதில் உயிர். தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதே நாளில் வாயில் விடும் போலியோ சொட்டு மருந்தின் கதை வேலூருடையது. மேல்நாடுகளில் மூன்று முறை கொடுத்தால் போதும் என்றிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், நம் குழந்தைகளுக்கு மூன்று முறை கொடுத்த பிறகும் பலருக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகவில்லை என்பதை 1970களிலேயே எடுத்துக் காட்டினார். வெப்ப நாடுகளில் மூன்று போதாது, கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுப்பது நல்லது என்பது அவர் கருத்து. பின்னாளில் நாடு முழுவதும் நடந்த போலியோ சொட்டு மருந்து ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கெல்லாம் நினைவிருக்கும். நெய்வேலி நகரியத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய், சுண்டு விரலில் மை வைத்துக்கொண்டு திரும்பினோம். 2011 ஜனவரியோடு இந்தியாவில் இயற்கைப் போலியோ முடிந்தது. 2014 மார்ச்சில் போலியோ அற்ற பகுதி என்ற சான்றிதழ் கிடைத்தது.

பிறந்தவுடன் கொடுக்கும் போலியோ சொட்டுக்கு 'பூஜ்யம் தவணை' என்று பெயர். குமாஸ்தாவாக இருந்த எனக்கு இந்தப் பெயரில் ஒரு தனி ருசி. கொடுத்தது உண்மை, ஆனால் எண்ணிக்கை ஒன்றரை மாதத்தில்தான் ஆரம்பம். கணக்கில் வராத முன்பணம் மாதிரி. வேறு கிருமிகள் குழந்தையின் குடலில் இடம் பிடிப்பதற்குள் இது போய் உட்கார்ந்துகொள்ளட்டும் என்பது நோக்கம். பிறந்த 15 நாட்களுக்குள் கொடுத்தால்தான் இதற்கு அர்த்தம்.

பிறந்த அன்று போடும் இன்னொரு ஊசி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கானது. இதற்குக் கெடு 24 மணி நேரம். தாய்க்கு அந்தக் கிருமி இருந்தால் பிரசவத்தின்போதே குழந்தைக்குத் தொற்றிவிடும். பச்சைக் குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க உடலில் தங்கி, நாற்பது ஐம்பது வயதில் கல்லீரலைக் கெடுக்கும். அதனால் கிருமி நிலைகொள்வதற்கு முன்பே ஊசி போட்டாக வேண்டும்.

இனி தலைப்பில் சொன்ன தேதிகளுக்கு வருவோம். நம் தாய்மார்கள் 'ஒன்றரை மாச ஊசி, இரண்டரை மாச ஊசி, மூன்றரை மாச ஊசி' என்பார்கள். சுகாதாரத் துறைக் கணக்கில் 6, 10, 14 வாரங்கள். இதில் முக்கியமானது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி. தொடக்க கால அட்டவணைகளில் இது மூன்றாம் மாதத்தில்தான் ஆரம்பமாகும். 1980களில் அதை ஆறாம் வாரத்துக்கு முன்னே கொண்டுவந்தார்கள். காரணம் கக்குவான் இருமல். பெரிய பிள்ளைகளுக்கு அது நாள்கணக்கில் நீடிக்கும் இருமல். இரண்டு மாதக் குழந்தைக்கோ மூச்சையே நிறுத்திவிடும். அந்த நோயால் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை பிறந்து சில மாதங்களே ஆனவை. தாயின் சீதனமும் இந்த நோய்க்கு நம்பத்தக்கதல்ல. ஆறு வாரத்துக்கு முன்னால் போட்டால் குழந்தையின் உடம்பு சரியாகப் பாடம் படிக்காது. அதற்குப் பிறகு தள்ளினால் அபாயமான மாதங்கள் பாதுகாப்பின்றிக் கழியும். ஆகவே 42ஆம் நாள் ஊசியை நாற்பது நாள் கழித்து எண்பத்திரண்டாம் நாளில் போடுவது சிறு தாமதமல்ல. எந்த நாட்களுக்காக அந்த ஊசி வந்ததோ, அந்த நாட்களையே கைவிடுவதாகும்.

நடுவில் நான்கு வாரம் ஏன்? முதல் ஊசி அறிமுகம், இரண்டாவது நினைவூட்டல், மூன்றாவது உறுதிப்படுத்தல். அலுவலகத்தில் நினைவூட்டல் கடிதத்தை மறுநாளே அனுப்பினால் யாரும் மதிக்க மாட்டார்கள். உடம்பும் அப்படித்தான். நான்கு வாரத்துக்குக் குறைந்த இடைவெளியில் போட்டால் பயன் குறையும்.

இரண ஜன்னிக்கு மட்டும் ஆறு வாரம்கூடத் தாமதம்தான். முன்பு தொப்புள் கொடியைச் சுத்தமில்லாத கத்தியால் அறுத்த வீடுகளில், ஒரு வாரம் பத்து நாளுக்குள் ஜன்னி கண்டு குழந்தைகள் போய்விடும். பிறந்த பின் ஊசி போட்டுப் பயனில்லை. எனவே குழந்தையின் முதல் தடுப்பூசியைத் தாய்க்கு, கர்ப்பத்திலேயே போட்டார்கள். இங்கே தாயின் சீதனத்தையே ஆயுதமாக்கினார்கள். 2015இல் இந்தியா இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கியதாக அறிவிக்கப்பட்டது.

சீதனம் இடைஞ்சலாக வருவது தட்டம்மையில். நாம் மணல்வாரி என்று சொல்லி வேப்பிலை கட்டினோமே, அதுதான். அமெரிக்காவில் 1963இல் இந்த ஊசி வந்தபோது ஒன்பது மாதத்தில் போட்டார்கள். பல குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை என்று கண்டு 1965இல் 12 மாதத்துக்கும், 1976இல் 15 மாதத்துக்கும் தள்ளினார்கள். அவர்களால் தள்ள முடிந்தது. அங்கே அந்த வயதில் தட்டம்மை குறைவு, வந்தாலும் மரணம் அரிது. நம் போன்ற நாடுகளில் ஒரு வயதுக்கு முன்பே நோய் வந்துவிடும். சத்துக் குறைவான குழந்தையென்றால் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து உயிரைக் கொண்டுபோகும். கென்யாவில் 1970களில் நடந்த ஆராய்ச்சி, சீதனம் கரைவதையும் நோய் தாக்குவதையும் மாதம் மாதமாக எடை போட்டுப் பார்த்தது. உலக சுகாதார நிறுவனம் ஒன்பது மாதத்தைத் தேர்ந்துகொண்டது. ஒன்பதாம் மாதத்தில் போட்டால் நூற்றில் சுமார் 85 குழந்தைகளுக்குப் பிடிக்கும், பன்னிரண்டில் போட்டால் சுமார் 95 பேருக்கு. பத்துப் பேரை இழந்தாலும் பரவாயில்லை, இடையில் மூன்று மாதம் எல்லோரையும் திறந்து விடக் கூடாது என்பது தீர்ப்பு. விடுபட்டவர்களைப் பிடிக்கத்தான் ஒன்றரை வயதில் இரண்டாவது ஊசி. அந்த இரண்டாவது தவணை இந்தியாவில் 2010இல்தான் வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட சில பகுதிகளில் பெரிய முகாம் நடத்தி, ரூபெல்லா மருந்தையும் அதனோடு சேர்த்துவிட்டார்கள்.

அதே ஒன்பதாம் மாதத்தில், நம் கடலூர் மாவட்டம் போன்ற சில மாவட்டங்களில் மட்டும் இன்னோர் ஊசியும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பெயர்தான் ஜப்பான். இந்தியாவில் இது முதலில் அறியப்பட்டது 1955இல் வேலூர்ப் பகுதியில். நெல் வயலில் தேங்கும் நீரில் வளரும் கொசு, கொக்கு நாரையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் கிருமியை வாங்கி மனிதனுக்குக் கொடுக்கிறது. நெய்வேலியைச் சுற்றிச் சுரங்கத்துக்கு வெளியே எங்கு பார்த்தாலும் நெல் வயல்தானே? தென்னாற்காடு மாவட்டத்தில் 1980களில் இந்த நோய் பலரைத் தாக்கியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய பூச்சியியல் ஆராய்ச்சி மையம் விருத்தாசலத்தில் ஒரு களநிலையம் அமைத்து, வயல்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் கொசு பிடித்து ஆராய்ந்தது. சென்னை அட்டையில் இல்லாத ஊசி நம் பேரக் குழந்தைக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை நம் வயலிலேயே இருக்கிறது.

இங்கே இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் வந்தது. பிறகு வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் மருந்து, ஊசியாகப் போடும் போலியோ மருந்து, நிமோனியாவுக்கான ஊசி என்று அட்டை நீண்டுகொண்டே போகிறது. ஆனால் தேதிகள் அவ்வளவாகக் கூடவில்லை. புதிய ரயில்கள், பழைய நிலையங்கள். தாயை எத்தனை முறை அலைய விடுகிறோமோ அத்தனை பேர் நடுவில் நின்றுபோவார்கள் என்பது நிர்வாகம் படித்த பாடம். ஆகவே தேதியில் மருத்துவமும் உண்டு, பேருந்துச் செலவும் உண்டு.

வெளிநாட்டில் பேரக் குழந்தைகள் இருப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். புதுச்சேரிக் குடும்பங்களில் பிரான்சுக்குப் போனவர்களின் குழந்தைக்கு 2, 4, 11 மாதங்களில் ஊசி. அமெரிக்காவில் 2, 4, 6 மாதங்கள். பிரான்சில் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக இருந்த பி.சி.ஜி.யை 2007இல் பொதுக் கட்டாயத்திலிருந்து எடுத்தே விட்டார்கள். அவர்கள் சரியா, நாம் சரியா? இருவரும் சரி. தொற்று குறைந்த ஊரில் காத்திருக்கலாம், நிறைந்த ஊரில் முந்த வேண்டும். குழந்தை எந்த ஊரில் வளர்கிறதோ அந்த ஊர் அட்டையே அதற்குச் சட்டம். இடம் மாறும்போது அட்டையும் கூடப் போக வேண்டும். அங்குள்ள மருத்துவர் பார்த்து, விட்டுப்போனதைச் சேர்ப்பார்.

அரசு அலுவலகத்தில் மார்ச் 31க்குள் செலவு செய்துவிட்டால் கணக்கு சரி. பணம் ஏப்ரலில் போயிற்றா, கடைசி வாரத்தில் போயிற்றா என்று அறிக்கையில் தெரியாது. தடுப்பூசிப் புள்ளிவிவரமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு வயதுக்குள் எல்லாம் போட்டாயிற்று என்றால் 'முழுமை' என்ற கட்டத்தில் விழும். ஆனால் ஒன்றரை மாத ஊசியை ஐந்தாம் மாதத்தில் போட்ட குழந்தை, இடையில் இருந்த நாட்களைப் பாதுகாப்பு இல்லாமல்தான் கழித்தது. அறிக்கைக்கு அது தெரியாது. வீட்டில் இருக்கும் நமக்குத் தெரியும்.

தவறிப்போனவர்களும் மனம் தளர வேண்டாம். இடைவெளி நீண்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பி.சி.ஜி.யை ஒரு வயது வரைக்கும், தட்டம்மை ஊசியை ஐந்து வயது வரைக்கும் நம் திட்டத்தில் போடுகிறார்கள். லேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவை ஊசியைத் தள்ளுவதற்குக் காரணமே அல்ல. கடுமையான காய்ச்சல் என்றால் மட்டும் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். எது எப்படி என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் அட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தமிழ்நாட்டில் ஊசி நாள் புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது வேறு எதற்கோ. குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. மகளோ மருமகளோ தயங்கும்போது, "போய் வாம்மா, ராத்திரி அழுதால் நான் தோளில் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லும் வேலை நம்முடையது. ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட உருப்படியான வேலை கிடைப்பது கடினம்.